அப்பா உட்காரும் கணினிக்கு லினக்ஸ்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, பரீட்சை வைக்கிறியா?" என்று கேட்டார். "நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்கப்பா, நான் சும்மா எழுதிக்கிறேன்" என்றேன்.

அன்று ராத்திரி வரை அவர் கணினியில் செய்ததையெல்லாம் குறித்துக்கொண்டேன். இரண்டு செய்தித்தாள்களின் தளங்களைப் படித்தார். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து தம்பி அனுப்பிய படங்களைச் சேமித்தார். கரண்ட் பில் கட்டினார். யூடியூபில் சீர்காழி பாட்டுகளை ஓடவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மிச்ச நேரமெல்லாம், கணக்குப் போட்டால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல், தமிழில் தட்டச்சு செய்தார். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் திண்டுக்கல் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைப் பற்றி நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆறே ஆறு வேலைகள். அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ் என்று முடிவு செய்தேன். "வீட்டு சிஸ்டத்துக்கு லினக்ஸ் போடலாமா, எதைப் போடுறது?" என்று இரண்டு மாதமாக நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இதில் இறங்க வேண்டி வந்த காரணம் பலருக்கும் பொதுவானது. எங்கள் கணினி 2014-இல் நான் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டுடிஸ்க். விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று திரையில் அறிவிப்பு வர ஆரம்பித்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேலான பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்களிடம் இரண்டும் கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆனால் அது தவணைதான், அது முடிந்ததும் இதே கேள்வி மறுபடி வந்து நிற்கும்.

கடையில் கேட்டபோது புது சிஸ்டம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மதர்போர்டு நன்றாக இருக்கிறது, மானிட்டர் நன்றாக இருக்கிறது, அப்பா பதினோரு வருடமாகத் தட்டித் தட்டி எழுத்து தேய்ந்த கீபோர்டுகூட நன்றாக இருக்கிறது. ஓடுகிற ஒரு பொருளை ஒரு தேதியைக் காரணம் காட்டிக் குப்பைக்கு அனுப்புவது தப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் குப்பை எங்கேயோ ஒரு ஊரின் ஓரத்தில்தான் போய்க் குவிகிறது.

இனி லினக்ஸ். புதிதாக வருகிறவர்களை முதலில் மிரட்டுவது பெயர்கள்தான். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஜோரின் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து ஊரான கரூரைத்தான் நான் எப்போதும் சொல்வேன். பஸ் கம்பெனியிலிருந்து வருவது எஞ்சினும் சேஸிஸும் மட்டும்தான். கரூர் பட்டறைகளில்தான் அதற்கு பாடி கட்டுகிறார்கள். சீட், ஜன்னல், படி, பெயின்ட் எல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். லினக்ஸ் என்பது அந்த எஞ்சினும் சேஸிஸும். பின்லாந்தின் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கியது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. அதன்மேல் பாடி கட்டித் தருகிறவைதான் உபுண்டுவும் மின்டும் மற்றவையும். பாடி கட்டியதை டிஸ்ட்ரோ என்கிறார்கள். எதில் ஏறினாலும் எஞ்சின் ஒன்றுதான், அதனால் தப்பான பஸ்ஸில் ஏறிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். சீட் வாட்டமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிள்ளைகள் கேட்டால் இன்னொன்றும் சொல்வேன். இவை இலவசம் என்பதைவிட முக்கியமானது, இவை கட்டற்ற மென்பொருள் என்பது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து வருகிற கொள்கை இது. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். என் சித்தப்பா 2008 வாக்கில் உபுண்டு சிடி கேட்டு எழுதிப்போட்டு, அது வெளிநாட்டுத் தபால்தலையோடு வீடு தேடி வந்தது. தபால் செலவுகூட அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். "இந்தா, நகல் எடுத்து நாலு பேருக்குக் குடு" என்று அவர் அதை என் கையில் கொடுத்தபோது, சிடியை நகலெடுப்பது திருட்டு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஆனால் கொள்கையை வைத்து அப்பாவுக்கு டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்க முடியாது. நோட்டில் எழுதிய ஆறு வேலைகளை வைத்துத்தான் முடியும்.

முதலில் சிலவற்றைக் கழித்தேன். ஃபெடோரா அருமையான டிஸ்ட்ரோ, நான் மதிப்பது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும், ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ பதின்மூன்று மாதம்தான் ஆதரவு. வருடத்துக்கு ஒருமுறை அப்பாவின் மேசையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் வயதானவர்கள் உபயோகிக்கும் கணினி என்றால் நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பாகப் பாருங்கள். உபுண்டுவில் அதை எல்டிஎஸ் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு ஏப்ரலில் வரும். 24.04 என்றால் 2024 நான்காம் மாதம் வந்தது என்று அர்த்தம், அதற்கு ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. லினக்ஸ் மின்ட் இந்த எல்டிஎஸ் மேல் கட்டப்படுவது. அதனால் மின்ட் 22 வரிசையும் 2029 வரை தாங்கும்.

பாஸ் லினக்ஸ் பற்றியும் கேட்பீர்கள். நம் நாட்டு சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது, இந்திய மொழிகளை மனதில் வைத்துச் செய்தது. அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. எனக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்று கிடைத்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். என் வகுப்பில் பாஸ் பக்கம் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து "இப்படிச் செய்" என்று காட்ட ஒரு ஆள் எங்களுக்கு அப்போது இல்லை. அதை இன்று வரை ஒரு இழப்பாகத்தான் நினைக்கிறேன். கேரளத்தில் கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைச் செய்து தருகிறது, பிள்ளைகள் கணினிப் பாடத்தையே அதில்தான் படிக்கிறார்கள். பாலக்காட்டிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த பெண்ணுக்கு லினக்ஸ் ஒரு புது விஷயமே இல்லை. சொல்லித்தர ஆள் இருந்தால் எந்த டிஸ்ட்ரோவும் எளிதுதான். என் முடிவில் இதற்குத்தான் பெரிய பங்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் உபுண்டு, மின்ட், ஜோரின் மூன்றும் நின்றன. மூன்று பென்டிரைவ் எடுத்தேன், 8 ஜிபி போதும். டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்குங்கள். அதே பக்கத்தில் ஷா256 என்று நீளமாக ஒரு எண்ணெழுத்து வரிசை கொடுத்திருப்பார்கள், இறங்கிய கோப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி இறங்கிய கோப்பை வைத்து இன்ஸ்டால் செய்து நாள் முழுக்கத் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள், ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் பூட் ஆகும்படி எழுதித் தரும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு கணினியை ஆன் செய்தவுடன் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப், அழுத்தினால் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும்.

இப்படிப் பென்டிரைவிலிருந்து ஓடுவதை லைவ் என்கிறார்கள். புதியவர்களுக்கு லினக்ஸ் தருகிற பெரிய வசதி இதுதான் என்பேன். ஹார்டுடிஸ்க்கைத் தொடாமல் முழு சிஸ்டத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். இன்ஸ்டால் என்பதை நீங்களாகப் போய் அழுத்தாத வரை பழைய விண்டோஸ் அப்படியே பத்திரமாக இருக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். வேகத்தை விட்டுவிட்டு வேலை நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றிலும் அப்பாவை உட்கார வைத்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன்.

உபுண்டுவில் பிரவுசரை அவரே கண்டுபிடித்தார், செய்தி படித்தார். எழுத்துச் செயலியைத் திறந்து நான்கு வரி எழுதினார். பிறகு பாட்டு வைப்பதற்காக அந்தச் சாளரத்தைச் சுருக்கினார். திரும்ப எழுத வந்தபோது கண் திரையின் கீழ் ஓரத்துக்குப் போனது. அங்கே எதுவும் இல்லை. இடது ஓரத்தில் படங்களின் வரிசை இருக்கிறது, அதில் எழுத்துச் செயலியின் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு "நான் உள்ளே திறந்து இருக்கிறேன்" என்று அர்த்தம். அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? "எழுதினது போச்சேம்மா" என்றார். முகம் வாடிவிட்டது. நான்கு வரிதான், எங்கேயும் போகவில்லை, ஆனால் அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன். உபுண்டுவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. என் தம்பி மகன் அதே திரையில் பத்து நிமிடத்தில் பழகிவிட்டான். எழுபத்திரண்டு வயதில், இருபது வருடமாகக் கீழ் ஓரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சரிப்படவில்லை.

மின்டில் சின்னமன் என்ற முகப்பு. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். திறந்திருக்கும் சாளரமெல்லாம் அந்தப் பட்டையில் வரிசையாக நிற்கும். அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. சுருக்கினார், பாட்டு வைத்தார், திரும்ப வந்தார். ஜோரினிலும் இதே மாதிரிதான், பார்ப்பதற்கு இன்னும் அழகாகவே இருந்தது. அயர்லாந்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது, விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்காகவே செய்யப்படுவது. உங்கள் வீட்டுக்கு ஜோரின் பிடித்தால் தயங்காமல் போடுங்கள்.

அடுத்தது தமிழ். எங்கள் வீட்டில் இதுதான் தலையாய வேலை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். அப்பா தட்டுவது தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் இடது கையில், மெய் வலது கையில். விண்டோஸில் இ-கலப்பை என்ற மென்பொருளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார், அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். தமிழ்99-இன் அழகே ஒற்று தானாக விழுவதில் இருக்கிறது. "வத்தலக்குண்டு" என்று எழுத வ, த, த, ல, க, க, உ, ண, ட, உ என்று பத்து விசை தட்டினால் போதும். த்த, க்கு, ண்டு மூன்றிலும் புள்ளியை நாம் வைக்க வேண்டியதே இல்லை.

மின்டில் முதலில் நான் செய்த தவறு, விசைப்பலகை அமைப்புக்குப் போய் தளவமைப்புப் பட்டியலில் இருந்த தமிழைச் சேர்த்தது. அப்பா வத்தலக்குண்டு என்று தட்டினார். ஒற்று விழவில்லை, த த என்று இரண்டு தனி எழுத்தாக நின்றது. "இது தமிழ்99 இல்லைம்மா, வேற என்னமோ" என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று நேராகப் பொருத்துவது, முன்னால் வந்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கிற அறிவு அதற்குக் கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஐபஸ். மென்பொருள் மேலாளரில் ஐபஸ், அதற்கான எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி, உள்ளீட்டு முறையை ஐபஸுக்கு மாற்றி, ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வந்தால் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு எல்லாம் வரும். தமிழ்99-ஐச் சேர்த்து, மொழி மாற்றும் விசையையும் அப்பா பழகிய விசைக்கே மாற்றிவைத்தேன். உபுண்டுவில் ஐபஸ் கூடவே வருவதால் இந்த வேலை இன்னும் சுலபம், அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி பத்து விசை. திரையில் வத்தலக்குண்டு. அப்பா அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிலக்கோட்டை, வேடசந்தூர், அம்மையநாயக்கனூர் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனார். எனக்கு அந்த நிமிடம் ரொம்பப் பெரிய நிமிடம்.

பழைய கோப்புகள் சில பாமினி எழுத்துருவில் இருந்தன. விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து இரண்டு முறை கிளிக் செய்து நிறுவினேன், மின்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் சரியாகத் திறந்தன. உங்கள் வீட்டிலும் பழைய எழுத்துருவில் ஆவணங்கள் இருந்தால் மாறுவதற்கு முன்பே எழுத்துருக்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்டா ஜோரினா? இரண்டிலும் ஆறு வேலையும் நடந்தது. முடிவு செய்தது வேறு ஒரு விஷயம். நான் இருப்பது கோயம்புத்தூரில், அப்பா திண்டுக்கல்லில். ஏதாவது சிக்கல் என்றால் போனில்தான் வழி சொல்ல வேண்டும். நான் எட்டு வருடமாக என் லேப்டாப்பில் வைத்திருப்பது மின்ட். கண்ணை மூடினாலும் எந்த மெனு எங்கே இருக்கிறது என்று தெரியும். "கீழ இடது மூலைல அழுத்துங்கப்பா, வலது பக்கம் மூணாவதா என்ன இருக்கு?" என்று என்னால் சொல்ல முடியும். ஜோரினில் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே மின்ட்.

அதனால் எது நல்ல டிஸ்ட்ரோ என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் எடுத்துச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள், அவர் எதை வைத்திருக்கிறார்?" என்பதுதான். அவர் உபுண்டு வைத்திருந்தால் நீங்களும் உபுண்டு போடுங்கள். யாருமே இல்லை என்றால் அதிகம் பேர் வைத்திருப்பதைப் போடுங்கள், உபுண்டுவும் மின்டும் அந்த வகை. தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. சென்னை, விழுப்புரம், புதுச்சேரி பக்கம் இருக்கிறவர்களுக்கு நேரிலேயே உதவும் லினக்ஸ் குழுக்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் காசு வாங்காமல் வந்து உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். அவர்களுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இன்ஸ்டால் செய்யும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதை ஒரு துக்கத்தோடுதான் எழுதுகிறேன். 2017-இல் என் பழைய லேப்டாப்பில் முதன்முதலாக லினக்ஸ் போட்டபோது, "டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நம் ஊரில் ஃபார்மட் அடிப்பது என்றால் சி டிரைவ் மட்டும் போகும், டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும் என்று பழகியிருக்கிறோம் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே டிஸ்க் என்றால் முழு டிஸ்க். சி, டி, இ எல்லாம் ஒரே தட்டில் இருக்கும் பிரிவுகள்தான், எல்லாமே போய்விடும். பாட்டி கடைசியாக எங்களோடு எடுத்துக்கொண்ட தீபாவளிப் படங்கள் அந்த டி டிரைவில் இருந்தன. வேறு எங்கேயும் இல்லை.

அதனால் இந்த முறை வேறு வழியில் போனேன், எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு எஸ்எஸ்டி வாங்கினேன். பழைய ஹார்டுடிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி அதில் மின்ட் போட்டேன். அழிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லாததால் கை நடுங்கவில்லை. எல்லாம் சரியாக ஓடிய பிறகு பழைய டிஸ்க்கை மாட்டி, அப்பாவின் கோப்புகளை நகலெடுத்துவிட்டுத் திரும்பக் கழற்றினேன். இப்போது அது விண்டோஸோடு அப்படியே பீரோவில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம் என்று சொன்னதில் அப்பாவுக்கும் தைரியம் வந்தது. எஸ்எஸ்டி மாற்றியதில் கிடைத்த வேகம் எந்த டிஸ்ட்ரோவை மாற்றினாலும் கிடைக்காது. மின்டுக்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தால் 4 ஜிபி திணறும் என்பதால் இன்னொரு 4 ஜிபி சேர்த்துவிட்டேன். ரேமை ஏற்ற முடியாத பழைய கணினி என்றால் மின்டிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு இருக்கிறது.

புதிய லேப்டாப்பில் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போட நினைக்கிறவர்கள், பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பயாஸில் எதையும் தொடாதீர்கள்.

எல்லாமே வழுக்கிக்கொண்டு போகவில்லை. கணினியில் சொருகியிருந்த வைஃபை டாங்கிளை மின்ட் கண்டுகொள்ளவே இல்லை. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் உடனே இணையம் வந்துவிடும், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கை கொடுக்கும். டாங்கிளுக்கு டிரைவர் தேடி ஒரு மாலை முழுக்கப் போனது. மறுநாள் பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுத்து ரூட்டரில் சொருகிவிட்டேன். முன்னைவிட இணையம் நிலையாக இருக்கிறது.

பிரிண்டரில் அதிர்ஷ்டம் இருந்தது, சொருகியவுடன் தானாகவே சேர்ந்துகொண்டது. ஆனால் நம்மூர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் காணப்படும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் லினக்ஸில் அவ்வளவு லேசில் அடங்காது. என் தோழி வீட்டில் அதனோடு இரண்டு நாள் போராடியிருக்கிறேன். லைவ் பென்டிரைவில் இருக்கும்போதே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அச்சு, சத்தம், கேமரா, தமிழ், உங்கள் வங்கியின் தளம், ஐந்தும் லைவில் சரியாக வந்தால் இன்ஸ்டால் செய்த பிறகும் வரும்.

லினக்ஸ் போடவே கூடாத வீடுகளும் உண்டு. நான் வேலை பார்ப்பது ஆடிட்டர் அலுவலகத்தில். அங்கே டேலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது, டேலிக்கு விண்டோஸ் வேண்டும். வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறவர்கள், பேஜ்மேக்கரிலும் போட்டோஷாப்பிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் எல்லாம் விண்டோஸிலேயே இருங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டவைக்கும் ஒயின் என்பதைப் போட்டு ஓட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பிழைப்பை அதன்மேல் வைக்க வேண்டாம். வேலரன்ட் என்ற கேம் விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தாலும் அதேதான், அது லினக்ஸில் ஓடாது.

அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று, எந்த மென்பொருள் வேண்டுமானாலும் மென்பொருள் மேலாளருக்குள் போய்த் தேடுவது. போனில் பிளே ஸ்டோர் எப்படியோ அப்படி. எங்கேயோ ஒரு தளத்தில் டவுன்லோட் என்று பச்சைப் பொத்தான் தெரிந்தால் அதை அழுத்தும் பழக்கத்தை விட வேண்டியிருந்தது. இரண்டாவது, கீழே கேடய வடிவத்தில் சின்னப் புள்ளியோடு அறிவிப்பு வந்தால் அதைத் திறந்து பாஸ்வேர்டு போட்டு அப்டேட் செய்வது. டைம்ஷிஃப்ட் என்பதையும் வாரம் ஒருமுறை சிஸ்டத்தின் நிலையைப் படம் பிடித்து வைக்கும்படி செய்து வைத்திருக்கிறேன். ஏதாவது அப்டேட் கெடுத்தால் முந்தைய வாரத்துக்குத் திரும்பிவிடலாம். அது சிஸ்டத்துக்குத்தான், அப்பாவின் எழுத்துக்களுக்கு இல்லை. அவற்றை மாதாமாதம் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிடுகிறார், முதல் தேதியன்று, பென்ஷன் பார்க்கும் நாளில்.

முதல் வாரம் தினமும் போன் வந்தது. பாட்டு சத்தம் குறைவாக இருக்கிறது, பிடிஎஃப் பெரிதாகத் தெரியவில்லை, வாட்ஸ்அப் படம் எங்கே போய் விழுகிறது. மூன்றாவது வாரம் இரண்டு முறை வந்தது. கார்த்திகைக்கு ஊருக்குப் போனபோது நான் கணினியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. ஊர்ப்பெயர் புத்தகத்தில் 'ப' வரிசை முடிந்துவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வடமதுரை அத்தை வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் வீட்டிலும் இதே வயதில் ஒரு கணினி. நேற்று போன் செய்து, "அத்தை, மாமா அதுல என்னென்ன பண்றாரு, ஒரு நாள் பாத்து எழுதி வைங்க" என்றேன்.

"அவரு என்ன பண்றாரு, சீட்டுக்கட்டு விளையாடுறாரு, கோயில் கணக்க எக்ஸல்ல போடுறாரு."

"கணக்குல மேக்ரோ கீக்ரோ எதுனா வச்சிருக்காரா?"

"அதெல்லாம் எனக்கென்னடி தெரியும்?"

"சரி, பிரிண்டர் இருக்குல்ல? அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன்" என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் நோட்டைத் திறந்து காத்திருந்தேன்.